பழசுல வந்துச்சு, புதுசுல வரலை!

மோடம் மாற்றிய வீடுகளில் நெட் ஏன் நின்றுபோகிறது? கடலூரிலிருந்து சிதம்பரம் வரை...

"பழைய பாக்ஸ்ல நல்லாத்தானே வந்துச்சு? புதுசு மாட்டினதும் ஏன் வரலை?"

மஞ்சக்குப்பமானாலும் அண்ணாமலை நகரானாலும், வீட்டு இணைய இணைப்பு பார்க்கும் ஊழியர்களின் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஃபியூஸ் போன பல்பைக் கழற்றிவிட்டுப் புதுப் பல்பை மாட்டினால் எரியத்தானே வேண்டும்? மோடமும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இடி இறங்கிப் பழையது போயிருக்கும். அல்லது ஐந்தாறு வருடம் உழைத்த களைப்பில் சூடேறி அடிக்கடி நின்றுகொண்டிருக்கும். ஆன்லைனில் நாலு பேர் நல்லதென்று எழுதிய ஒன்றை வரவழைத்து, அதே வயரை அதே மாதிரி செருகுகிறோம். விளக்குகள் மினுங்குகின்றன. நெட் மட்டும் வரவில்லை.

உடனே புதுப் பெட்டிதான் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. அது எந்த வீட்டுப் பெட்டி என்று மறுமுனைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்வதற்கு வேண்டிய விவரங்கள் வீட்டிலும் இருக்காது. முதல் நாள் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போன தம்பியின் கைப்பேசியில் கிடக்கும். அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார் என்றால், வீடு நாலைந்து நாள் நெட் இல்லாமல் கிடக்க வேண்டியதுதான்.

முன்பு இவ்வளவு சிக்கல் இல்லை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது, நெட் வந்தது பழைய டெலிபோன் செம்புக் கம்பியில். வேகம் 256 கேபிபிஎஸ்ஸில் ஆரம்பம். அன்றைக்கு அடையாளம் என்பது கம்பியில் இருந்தது. 04142-இல் தொடங்கும் கடலூர் எண்ணோ, 04144-இல் தொடங்கும் சிதம்பரம் எண்ணோ, அந்த ஜோடிக் கம்பி எக்ஸ்சேஞ்சில் எந்தப் போர்ட்டில் முடிகிறது என்பதே உங்கள் முகவரி. எந்தக் கடையில் எந்த ஏடிஎஸ்எல் மோடம் வாங்கினாலும், உள்ளே போய் விபிஐ 0, விசிஐ 35 என்று இரண்டு எண்களைப் போட்டு, யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால் விளக்கு நிலையாகிவிடும். நெட் சென்டர் வைத்திருந்த பையன்களுக்கு இந்த 0, 35 மனப்பாடம். மோடத்தைக் கடையில் வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் அந்தக் காலத்தில் வந்ததுதான்.

அந்தச் செம்பு இந்தக் கரையில் நிம்மதியாக இருந்ததில்லை. தேவனாம்பட்டினம், முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஜாயின்ட்டுகளில் களிம்பு ஏறும்; மழை பெய்தால் போனில் கரகர சத்தம், மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு விட்டுவிட்டு எரியும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது பலாவும் முந்திரியும் மட்டுமா சாய்ந்தன? கம்பங்களும் கம்பிகளும் சேர்ந்தே படுத்தன. பிறகு 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் நாடு முழுக்க 78,569 பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஏறக்குறைய நிறுவனத்தில் பாதிப் பேர். எந்தத் தெருவில் எந்தக் குழிக்குள் எந்த ஜாயின்ட் என்று தெரிந்திருந்த லைன்மேன்கள் அவர்களில் எத்தனையோ பேர். அதற்குப் பின் ஃபைபரை வீடுவரை இழுக்கும் வேலை பெரும்பாலும் உள்ளூர்ப் பங்குதாரர்கள் கைக்குப் போனது. பல தெருக்களில் முன்பு கேபிள் டிவி கொடுத்தவரே இப்போது ஃபைபரும் கொடுக்கிறார். தனியார் நிறுவனங்களின் இணைப்புகளுக்கும் உள்ளூரில் இதே மாதிரி ஆட்கள்தான். பில் ஒருவர் பெயரில் வரும், வயர் இன்னொருவருடையதாக இருக்கும், ஏணி தூக்கிக்கொண்டு வருவது மூன்றாமவர். மோடம் மாற்றும் நாளில்தான் இந்த மூவரும் மூன்று பேர் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

ஃபைபரில் அடையாளம் கம்பியை விட்டுப் பெட்டிக்கு வந்துவிட்டது. ஓஎன்டி என்றும் ஓஎன்யு என்றும் சொல்கிற அந்தப் பெட்டிக்கு ஒரு சீரியல் நம்பர் உண்டு: தயாரித்தவரைக் குறிக்கும் நான்கு எழுத்து, அதன்பின் எட்டு இலக்கம். எக்ஸ்சேஞ்சிலோ கேபிள்காரர் அறையிலோ இருக்கும் ஓஎல்டி என்ற இயந்திரத்தில் அந்த நம்பரைப் பதிந்தால்தான் அது உங்களோடு பேசும். ஏன் இத்தனை கெடுபிடி என்றால், ஓஎல்டியிலிருந்து புறப்படும் ஒற்றைக் கண்ணாடி இழை வழியில் ஸ்ப்ளிட்டர் போட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லா வீட்டுத் தகவலும் எல்லா வீட்டு வாசலுக்கும் ஒளியாக வந்து நிற்கிறது. எது யாருக்கு என்று பிரித்து எடுத்துக்கொள்வது பெட்டி. மேலே அனுப்பும்போதும் ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் பேசலாம். முறை ஒதுக்குவது ஓஎல்டி. பதியாத பெட்டி நடுவில் வாய் திறந்தால் தெருவே கெட்டுப்போகும்.

ஆகவே புதுப் பெட்டியை மாட்டியதும் பார்க்க வேண்டியது கைப்பேசியை அல்ல, பெட்டியின் முன்பக்கத்தை. நம்மூர்த் தொலைபேசி உரையாடல் இதில்தான் தடுக்கி விழும்.

"தம்பி, புது பாக்ஸ் மாட்டிட்டோம், நெட் வரலைப்பா."

"லைட் எரியுதாக்கா?"

"எல்லாம் எரியுதுப்பா."

எல்லாம் எரிகிறது என்பதில் ஒன்றும் இல்லை. எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளியே வந்து சேரவில்லை. வயர், கனெக்டர், கம்பம் என்று வெளியே தேட வேண்டும். எல்ஓஎஸ் அணைந்து, பிஓஎன் என்ற பச்சை விளக்கு நிற்காமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் ஓஎல்டி பெட்டியை ஏற்கவில்லை. சீரியல் நம்பர் பதிய வேண்டும். அதற்கு யாரும் ஏணி தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதே இல்லை. பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் போதும். பிஓஎன் நிலையாக நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் வராவிட்டால் கோளாறு யூசர் நேம், பாஸ்வேர்டு பக்கம். "எல்லாம் எரியுது" என்பதற்குப் பதிலாக "பிஓஎன் மினுங்குது, எல்ஓஎஸ் இல்லை" என்று சொல்கிற வீட்டுக்கு வேலை பாதி முடிந்தது.

கடையில் வாங்கும்போதே ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபைபர் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஜிபான் என்பது ஒன்று, ஈபான் என்பது வேறு. சிறிய கேபிள் ஆபரேட்டர்கள் பலர் செலவு கருதி ஈபான் போட்டிருக்கிறார்கள். அதில் பதிவது சீரியல் நம்பருக்குப் பதில் மேக் முகவரி என்ற, பெட்டிக்கே உரிய அடையாள எண். ஜிபான் மட்டும் தெரிந்த பெட்டியை ஈபான் தெருவில் மாட்டினால் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் நடக்காது. இரண்டும் தெரிந்தவை எக்ஸ்பான் என்ற பெயரில் விற்கின்றன. அப்படியும் சில ஓஎல்டிகள் வேறு கம்பெனிப் பெட்டியோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். பணம் கொடுக்கும் முன் உங்கள் கேபிள்காரரிடம் எந்த மாடல் ஓடும் என்று கேட்டுவிடுவது உத்தமம்.

எல்ஓஎஸ் சிவப்பாக இருந்தால்? பெட்டி மாற்றிய அன்றே அது வந்திருந்தால், கம்பத்தைச் சந்தேகிப்பதற்கு முன் நம் கையைச் சந்தேகிக்கலாம். ஃபைபரின் நடுவில் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தில் ஏழெட்டில் ஒரு பங்கு. கழற்றிய கனெக்டர் முனையை விரலால் தொட்டாலே படிகிற எண்ணெய்ப் பிசுக்கு ஒளியை மறைக்கப் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைப்பதுதான் முறை. முனைக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. 1490 நானோமீட்டரில் வருகிற அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது நிறம். கனெக்டர்களில் பச்சை ஒன்று, நீலம் ஒன்று. பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலத்தின் முனை நேரானது. பச்சையை நீல ஓட்டையில் செருகினால் அழகாக உள்ளே போய் 'க்ளிக்' என்று உட்காரும், ஆனால் முனைகள் முழுதாகத் தொடாது. பழைய பெட்டி ஒரு நிறம், புதியது வேறு நிறம் என்றால் நடுவில் சரியான பேட்ச் கார்டு வேண்டும். பெட்டியை டிவி ஸ்டாண்டின் பின்னால் தள்ளி, மிச்ச வயரை இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவதும் நம் வழக்கம்; வளையம் 6 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்தால் ஒளி வளைவில் கசியத் தொடங்கும்.

ஊழியர் கொண்டுவரும் பவர் மீட்டரில் மைனஸ் 18, மைனஸ் 22 என்று ஏதோ ஓர் எண் வரும். அதை எட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். மைனஸ் 27-ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். ஒவ்வொரு 3 டெசிபல் குறையும்போதும் ஒளி பாதியாகிறது. மைனஸ் 20-க்கும் மைனஸ் 26-க்கும் உள்ள வித்தியாசம் நாலில் மூன்று பங்கு ஒளி. இந்த எண்ணைப் பல பெட்டிகள் தம் செட்டிங் பக்கத்திலேயே காட்டும். மழைக்காலத்தில் நெட் விட்டுவிட்டு வரும்போது "முன்னே மைனஸ் 19 இருந்துச்சு, இப்போ 26 காட்டுது" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் பேச்சே மாறிவிடும்.

வீட்டுக்கு வெளியே நடப்பது நம் கையில் இல்லை. ஈ.பி. கம்பத்தில் தொங்கும் இழையை அணில் கடிக்கும், தென்னை மட்டை விழும், சாலை அகலப்படுத்தும் ஜேசிபி தோண்டும். விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை நடந்த ஆண்டுகளில் கடலூர் - சிதம்பரம் வழியில் போனவர்கள் அந்தத் தோண்டலைப் பார்த்திருப்பார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஃபைபர் வெட்டுகள், அதனால் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று 2023 மார்ச்சில் தோண்டுவதற்கு முன் தகவல் சொல்லும் செயலியை வெளியிட்டபோது மத்திய அரசே கணக்குச் சொன்னது. நீங்கள் மோடம் மாற்றிய அதே நாளில் எங்கோ ஜேசிபியும் இறங்கியிருந்தால் பழி மோடத்தின் மீது விழும். பக்கத்து வீட்டில் நெட் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது எந்தக் கருவியையும்விடச் சுருக்கமான சோதனை.

ஒளி சரி, பதிவும் சரி, ஆனாலும் வரவில்லை என்றால் பிபிபிஓஈ. அதாவது யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகும் ஏற்பாடு. புதுப் பெட்டியில் அது காலியாக இருக்கும். கூடவே விலான் என்று ஓர் எண் உண்டு. ஓஎல்டிக்கு ஓஎல்டி மாறும், அதை ஊகித்துப் போட முடியாது. பழைய பெட்டியை அணைக்காமல் வயரைப் பிடுங்கியிருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று சர்வர் நினைத்துக்கொண்டு, அதே பெயரில் இரண்டாவது ஆளை விடாது. கொஞ்ச நேரம் அணைத்து வைத்தால் தானே தெளியும். வீட்டுக்கு ஃபைபர் வராமல் லேன் வயர் மட்டும் இழுத்துக் கொடுக்கும் ஆபரேட்டர்களிடம் மேக் முகவரி பூட்டு இருக்கும். பழைய ரவுட்டரின் மேக் முகவரியைப் புதியதில் எழுதுவதற்கு மேக் குளோன் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது.

யாரும் சந்தேகிக்காத குற்றவாளி அடாப்டர். பழைய பெட்டியின் அடாப்டர் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, முனையும் பொருந்துகிறது, அதையே செருகிவிடுகிறோம். பழையது 9 வோல்ட், புதியது 12 வோல்ட் கேட்கும். அப்படியும் விளக்கு எரியலாம். நாலு பேர் வீடியோ பார்க்கத் தொடங்கும்போது பெட்டி மூச்சுத் திணறி ரீஸ்டார்ட் ஆகும்.

பழைய ரவுட்டரைத் தூக்கிப்போட மனம் வராமல் புதுப் பெட்டியின் பின்னால் மாட்டுவதும் உண்டு. இரண்டுமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால், ஒன்றைத் தேடிப் போகிற தகவல் இன்னொன்றிடம் போய் நிற்கும். பழையதன் முகவரியை 192.168.2.1 என்று மாற்ற வேண்டும், அல்லது அதை வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக வைக்க வேண்டும். செய்துவிட்டால் அந்தப் பழசு பயனுள்ளது. சிதம்பரம் தேரோடும் வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளைப் பாருங்கள்: அகலம் குறைவு, நீளம் அதிகம், சுவரோ முழங்கை நீளம். வாசல் அறையில் ஃபைபர் முடிகிறது, பிள்ளை படிப்பது கொல்லைப்பக்கத்து மாடியில். எத்தனை ஆன்டெனா வைத்த புது மோடமானாலும் அந்தச் சுவரை வெல்லாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சுருண்டுவிடும், 2.4 மெதுவானது, ஊடுருவும். லேன் வயர் ஒன்றை நடுவீட்டுக்கு இழுத்து அங்கே பழைய ரவுட்டரை வைப்பது, 'சிக்னல் பூஸ்டர்' என்ற பெயரில் விற்கும் பொருள்களைவிட மேல் என்பது என் கட்சி.

நெட் வந்தபின் வரும் தொல்லைகள் தனி. டிவி, பிரிண்டர், கேமரா, பக்கத்து அறையில் குடியிருக்கும் மாணவர்களின் கைப்பேசி எல்லாம் பழைய வைஃபை பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். புதுப் பெட்டிக்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்தால் பெரும்பாலானவை தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாதவை பெரும்பாலும் 2.4 மட்டும் தெரிந்த மலிவு கேமராக்கள், அல்லது டபிள்யூபிஏ3 என்ற புதுப் பூட்டைத் திறக்கத் தெரியாத பழைய கருவிகள். பூட்டை டபிள்யூபிஏ2-க்கு இறக்கினால் சரியாகும்.

கேமராவில் இன்னொரு சங்கடம், சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு. பழைய செம்பு இணைப்பில் போர்ட் திறந்து வைத்து அங்கிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புது இணைப்புக்கு மாறியதும் இங்கே நெட் அருமை, அங்கே படம் இல்லை. பொது ஐபி முகவரிகள் பற்றாக்குறையால் பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி (வான் ஐபி) 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். போர்ட் திறப்பதெல்லாம் வீண். கேமரா கம்பெனியின் கிளவுட் வழியாகப் பார்க்கலாம், அல்லது காசு கட்டி நிலையான ஐபி வாங்கலாம்.

லேண்ட்லைனை மறந்துவிடக் கூடாது. நாற்பது வருடமாக உறவினர் எல்லோருக்கும் தெரிந்த எண். ஃபைபரில் அந்தப் போன் மோடத்தின் முதுகில்தான் செருகியிருக்கிறது. குரல் போவது எஸ்ஐபி என்ற தனிக் கணக்கில். வெளியில் வாங்கிய பெட்டியில் அந்தக் கணக்கு இருக்காது, பல பெட்டிகளில் போன் ஓட்டையே இருக்காது. நெட் வந்துவிட்டது என்று ஊழியரை அனுப்பிவிட்டு, சாயங்காலம் பாட்டி ரிசீவரை எடுத்து "சத்தமே இல்லையே" என்னும்போதுதான் தெரியும். டயல் டோன் கேட்டபிறகே அவரை அனுப்புங்கள்.

இத்தனையிலும் திரும்பத் திரும்ப வருவது ஒன்றே: விவரம் நம்மிடம் இல்லை. ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே தீர்த்துவிட்டார்கள். 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த மோடம் மாட்டுவது என்பது வாடிக்கையாளர் விருப்பம்; நுழைவு விவரங்களைக் கேட்காமலே, காசு வாங்காமல், எழுத்தில் கொடுப்பது நிறுவனத்தின் கடமை. இங்கே நாம் கேட்டு வாங்க வேண்டும். இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே, ஊழியர் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள், யூசர் நேம், பாஸ்வேர்டு, விலான் எண், ஜிபானா ஈபானா, மீட்டர் காட்டிய அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கி காஸ் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். விலான் எண்ணைச் சொல்லத் தயங்குவார்கள். வீட்டுக்காரர் நோண்டிக் கெடுத்துக்கொண்டால் தமக்குத்தான் இரட்டை வேலை என்ற பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கேளுங்கள். புகார் சொல்லும்போது டாக்கெட் நம்பர் இல்லாமல் போனை வைக்காதீர்கள். 2012-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிகளின்படி புகார் மையம் அதைத் தர வேண்டும். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். கேபிள்காரரின் சொந்தக் கைப்பேசிக்குப் பேசி முடித்துக்கொண்ட புகாருக்கு டாக்கெட் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு வேலை. செம்புக் காலத்தில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரி கம்பி வழியே போனுக்கு உயிர் கொடுத்தது. ஊரே இருண்டாலும் டயல் டோன் இருக்கும். கண்ணாடியில் மின்சாரம் வராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்தடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகி வந்த மாதிரி ஒரு வாரம் மீண்டும் வந்தால் மோடத்துக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். இதற்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது; வாங்கும் முன் உங்கள் புதுப் பெட்டியின் வோல்ட், ஆம்பியர் எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. ஓஎல்டிக்குத் தேவை. உங்கள் தெரு ஓஎல்டி எந்த அறையில் இருக்கிறது, அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.